கங்காரு டின்னும் ஜீனத் மெஸ்ஸும்

காலை ஆறு மணி இருபது நிமிடம். கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியின் வெளிமேசையில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு கங்காரு. டின்னின்மேல் ஒட்டிய தாளில் அச்சடித்த கங்காரு, சிவப்பு மண்ணில் தாவிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அதே மாதிரி இருபத்து மூன்று டின்கள், பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி, அலுவலரின் தேநீர் பிளாஸ்க். மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் யாரும் டின்னைத் தொடவில்லை. தொட்டது நான் ஒருவன்தான்.

வட்டார நிருபர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், என் வேலைக்காலத்தில் மறக்க முடியாத செய்தி எது என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளம், தேர்தல், யானை என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவையெல்லாம் நினைவில் இருக்கின்றன. ஆனால் தானாக நினைவுக்கு வருவது இந்த டின்தான். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு நடந்தது. அனுபவம் இல்லாததால் செய்த பிழை என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

நம் பத்திரிகையின் ஏற்பாடு உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். சாவடிக்கு மேற்கே கேரளப் பக்கம் பாலக்காடு பதிப்பு போகும். கிழக்கே தமிழ்நாட்டுப் பக்கம் பொள்ளாச்சி பதிப்பு போகும். முதல் பக்கமும் விளையாட்டுப் பக்கமும் இரண்டுக்கும் ஒன்று. உள்ளூர்ப் பக்கங்கள் வேறு வேறு. கோவிந்தாபுரம், கோபாலபுரம் போன்ற ஊர்களின் செய்தி இரண்டு பக்கத்துக்கும் போக வேண்டுமென்றால், மின்னஞ்சலின் தலைப்பு வரியில் ‘எல்லை’ என்று முதலில் எழுத வேண்டும். எழுதினால் இரண்டிலும் வரும். எழுதாவிட்டால் நம் பாலக்காடு பதிப்பில் மட்டும் வரும். டெஸ்க்கில் இருப்பவர்கள் தலைப்பு வரியைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். உள்ளே படித்துப் பார்க்க அவர்களுக்கு நேரம் கிடையாது.

டின்களுக்கு வருகிறேன். கோயமுத்தூர் மொத்த வியாபாரி அனுப்பிய சரக்கு அது. கோவிந்தாபுரத்தில் நாய், மீன், கோழித் தீவனக் கடை வைத்திருக்கும் காதர் பாய்க்கு மினி வேனில் வந்தது. ஓட்டுநர் பில்லின் நகலை எடுத்துவர மறந்திருந்தார். அலுவலர் மலையாளி, பதறாத மனிதர். கடைக்காரர் பில்லைக் கொண்டுவரட்டும், பார்த்துவிட்டு விடுகிறோம், பத்து மணிக்கு மேல் வந்து கேளுங்கள் என்று என்னிடம் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். பறிமுதல் என்றோ வழக்கு என்றோ அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

எதிரே டீக்கடையில் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். கங்காருக் கறி பயங்கரச் சூடு என்றார் ஒருவர். அதைத் தின்ற நாய்க்கு வெறி ஏறும், மனிதரைக் கடிக்கும் என்றார் இன்னொருவர். அழிந்துகொண்டிருக்கும் விலங்கு, கையில் வைத்திருந்தாலே ஜெயில் என்றார் மூன்றாமவர். வேகவைத்தால் ஆட்டுக்கறிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது என்று டீ ஆற்றியபடியே கடைக்காரர் சொன்னார். அவர்கள் யாரும் அதுவரை கங்காருக் கறியைப் பார்த்தவர்கள் இல்லை.

லாரி கிளீனர் ஒருவர் என் காதருகே வந்து சொன்னார்:

“காதர் பாய் தங்கச்சி பக்கத்துலயே பிரியாணிக் கடை வெச்சிருக்குதுங்களே, தெரியாதுங்களா?”

எனக்குத் தெரியும். காதர் பாயின் கடைக்கும் ஜீனத் மெஸ்ஸுக்கும் இடையில் ஒரு சுவர்தான். ஜீனத் கணவரை இழந்தவர். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு அண்டா பிரியாணி இறக்குவார், இரண்டரைக்குள் தீர்ந்துவிடும். சாப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் லாரிக்காரர்களும், முதலமடை மாந்தோப்புகளுக்குச் சுமை ஏற்ற வருகிறவர்களும். நானும் வாரத்தில் இரண்டு நாள் அங்கேதான் சாப்பிடுவேன்.

அந்தச் சுவரைப் பற்றித் தெரிந்திருந்தும் எழுதினேன்.

முதலில் படம் எடுத்தேன். மேசையில் இருந்த டின்களில் முன்வரிசை டின்னின் பின்பக்கம் என்னைப் பார்த்து இருந்தது. பொடி எழுத்தில் ஆங்கிலம். படத்துக்கு அது உதவாது. கையை நீட்டி டின்னைத் திருப்பினேன். கங்காரு கேமராவைப் பார்த்தது. எழுத்துகள் சுவரைப் பார்த்தன. ஒளி நன்றாக இருந்தது. மூன்று படம் எடுத்தேன்.

அந்த எழுத்துகளில் என்ன இருந்தது என்பதை நான் அப்போது படிக்கவில்லை. நாய்களுக்கு மட்டும் என்றும், இறக்குமதி செய்த நிறுவனத்தின் முகவரியும் உரிம எண்ணும் இருந்தன. பிறகு படித்தேன்.

பொறுத்திருக்கத் தெரியாதவன் அல்ல நான். முன்பு ஆறு வருடம் குமுளியில் இருந்தேன். ஆனைக்கரையில் ஏலத்தோட்டத்துக்குள் புலி புகுந்துவிட்டது என்று ஒருநாள் காலையில் ஊரே திரண்டது. கால்தடத்தைப் படம் எடுத்துக்கொண்டு ஓடினார்கள் மற்ற நிருபர்கள். நான் வனத்துறைக்காரர் வரும்வரை இரண்டு மணி நேரம் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். அது தோட்ட மேலாளரின் நாய். மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் புலி வந்தது, நம் பத்திரிகையில் மட்டும் வரவில்லை. அதைப் பல வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களில் சிலரிடமும் சொல்லியிருக்கிறேன்.

கோவிந்தாபுரத்தில் நான் காத்திருக்க வேண்டியது மூன்றரை மணி நேரம். டீக்கடையில் இருந்தவர்கள் அதற்குள் படத்தை அவரவர் குழுக்களில் போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் போடாவிட்டாலும் ஊருக்குத் தெரியத்தான் போகிறது என்று நினைத்தேன். இந்த நினைப்பு உங்களுக்கும் வரும், தினமும் வரும். ஊர் பேசுவதும் நாம் அச்சிடுவதும் ஒன்றல்ல. ஊர் பேசினால் ஊர் பேசுகிறது என்பார்கள். நாம் அச்சிட்டால் பேப்பரிலேயே வந்துவிட்டது என்பார்கள்.

எட்டு மணிக்குச் செய்தியை அனுப்பினேன். தலைப்பு வரியில் ‘எல்லை – கோவிந்தாபுரம் – கங்காரு’ என்று எழுதினேன். செய்தி இப்படி இருந்தது: சோதனைச் சாவடியில் கங்காரு இறைச்சி டின்கள் சிக்கின. கோவிந்தாபுரத்தைச் சேர்ந்த வியாபாரி ஒருவருக்கு இவை கொண்டுவரப்பட்டதாகக் கூறப்படுகிறது. உணவகம் ஒன்றுடன் தொடர்புடையவர் என்பதால், உணவகங்களுக்கு வினியோகிக்கப்பட்டதா என்ற கோணத்திலும் விசாரணை நடப்பதாகத் தெரிகிறது.

ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்துப் பாருங்கள். நீதிமன்றத்துக்குப் போனாலும் நிற்கும். கூறப்படுகிறது. தெரிகிறது. விசாரணை நடக்கிறதா என்று அலுவலரை நான் கேட்கவே இல்லை. பில் பார்ப்பதை விசாரணை என்று நானே மொழிபெயர்த்துக்கொண்டேன். பெயர் போடவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன்.

அரை மணி நேரத்தில் டெஸ்க்கிலிருந்து அழைப்பு வந்தது. படம் பிரமாதம், ஒரு பெட்டிச் செய்தி வேண்டும், கங்காரு இறைச்சியைப் பற்றி நாலு வரி என்றார்கள். யாரைக் கேட்பது? கால்நடை மருத்துவர் ஒருவரின் எண் என்னிடம் இருந்தது. அழைத்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் அழைக்கவில்லை. டீக்கடையில் கேட்ட நாலையும் வரிசையாக எழுதினேன். உடலுக்குக் கடும் சூடு, நாய்க்கு வெறி ஏற்றும், அழிந்துவரும் இனம், பார்வைக்கும் சுவைக்கும் ஆட்டுக்கறி போலவே இருக்கும் எனக் கூறப்படுகிறது. நாலு வரிக்கும் சேர்த்து ஒரே ஒரு ‘கூறப்படுகிறது’.

அன்று பகல் முழுவதும் கொல்லங்கோட்டில் ஒரு ஊராட்சிக் கூட்டம். கைபேசியை ஒலி அடக்கி வைத்திருந்தேன். மூன்று மணிக்குப் பார்த்தபோது காதர் பாய் நான்கு முறை அழைத்திருந்தார். திரும்ப அழைத்தேன். அவர் கோபப்படவில்லை. பத்தேகாலுக்கே பில்லைக் காட்டிச் சரக்கை எடுத்துவந்துவிட்டதாகச் சொன்னார். நான் படம் எடுத்ததை டீக்கடையில் கேள்விப்பட்டிருக்கிறார். ஏதாவது எழுதியிருந்தால், சரக்கை விட்டுவிட்டதையும் சேர்த்துப் போட்டுவிடச் சொல்வதற்காக அழைத்ததாகச் சொன்னார். பிறகு, கொஞ்சம் தயங்கி:

“டின்னுலயே எழுதியிருக்குதுங்களே, நாய்க்குன்னு. நீங்க பார்க்கலீங்களா?”

பார்த்தேன் என்றும் சொல்லவில்லை, பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொள்கிறேன் பாய் என்று சொல்லி வைத்தேன்.

டெஸ்க்கை அழைத்தேன். சரக்கை விட்டுவிட்டார்கள், செய்தியை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். பக்கம் முடிந்துவிட்டது, நாம் கேள்வியாகத்தானே போட்டிருக்கிறோம், விடுவித்த செய்தியை நாளைக்கு ஃபாலோ-அப்பாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார் எதிர்முனையில் இருந்தவர். மணி மூன்றேகால். பக்கம் அச்சுக்குப் போவது இரவு. நிறுத்தியிருக்கலாம். ஆசிரியரிடம் பேசுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது ‘சரி’. இந்தச் செய்தியில் டெஸ்க்கின் பங்கு என்ன, என் பங்கு என்ன என்று பல முறை யோசித்திருக்கிறேன். அந்தச் ‘சரி’ முழுக்க என்னுடையது.

மறுநாள் இரண்டு பதிப்பிலும் நாலு பத்தியில் வந்தது. படம் அழகாக விழுந்திருந்தது. ஃபாலோ-அப் அதற்கடுத்த நாள் வரவில்லை. நெல்லியாம்பதிச் சாலையில் மண் சரிந்தது, பக்கம் அதற்குப் போய்விட்டது.

செய்தி வந்த அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு பெண் என்னை அழைத்தார். கொல்லங்கோட்டில் குடியிருக்கும், கல்பாத்தி அக்ரகாரக் குடும்பத்து டீச்சர். பள்ளியில் அறிவியல் எடுத்தவர். அந்த டின்கள் அவருடைய நாய்க்காக வந்தவை.

“எங்காத்துல முட்டை கூட வாங்கினதில்ல சார். நான் கையுறை போட்டுண்டு, மூக்கைப் பொத்திண்டு அந்த டின்னைத் திறக்கறேன். ஏன் திறக்கறேன்னு ஒரு ஃபோன் பண்ணிக் கேட்கப்படாதோ?”

கேட்டுக்கொண்டேன். அவர் பாடம் எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். ப்ரூனோ என்ற அந்த நாய் ஒரு வருடமாகச் சொறிந்து சொறிந்து தோல் உரிந்து கிடக்கிறது. கோழி, மீன், ஆடு, பால், இவற்றில் எதனால் என்று தெரியவில்லை. அது வாழ்நாளில் தின்றே இராத ஒரு கறியை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் மருத்துவர். கங்காரு அதற்காகத்தான். அது மருந்து அல்ல, பரீட்சை. அரிப்பு நின்றால், பழைய உணவுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து எது ஆகவில்லை என்று கண்டுபிடிக்கலாம். நடுவில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்து வாரம் முடிந்து, வயிற்றுப் பக்கம் முடி முளைத்திருந்தது.

என் பெட்டிச் செய்திக்கும் வந்தார். அது கொழுப்புக் குறைந்த கறி, சூடு என்று எந்த மருத்துவரும் சொன்னதில்லை. ஒரு கறியைத் தின்பதால் நாய்க்கு வெறி வராது, வெறிநோய் கடியால் வரும் நோய். கங்காருவில் பல வகை உண்டு, கறிக்காக அந்நாட்டுச் சட்டப்படி வேட்டையாடும் வகைகள் அழிந்துவருகிறவை அல்ல. வெறும் கங்காருக் கறியை மட்டுமே காலமெல்லாம் கொடுத்தால் நாய்க்கு வேறு சத்துகள் குறையும் என்பதுதான் எழுத வேண்டிய எச்சரிக்கை, அதை நீங்கள் எழுதவில்லை என்றார். காதர் பாயையும் விடவில்லை. கடை வாசலில் ‘எல்லா அரிப்புக்கும் கங்காரு’ என்று அவர் சாக்பீஸால் எழுதி வைத்திருந்ததாகவும், தானே அழிக்கச் சொன்னதாகவும் சொன்னார்.

“பாய் எழுதினதை ஒரு ஈரத்துணியால அழிச்சுட்டோம். உங்களுதை எதால அழிக்கறது?”

காதர் பாய் அன்றே டின்கள் எல்லாவற்றையும் கோயமுத்தூருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். கடையில் கங்காரு இருந்தால் மெஸ்ஸுக்குக் கேடு என்று பயந்திருக்கிறார். டீச்சருக்கு அந்தப் பரீட்சை ஐந்தாவது வாரத்தோடு நின்றது. ஆனால் டீச்சரின் நாய் பிழைத்துக்கொள்ளும், மெஸ்தான் சந்தேகம் என்று எனக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. சாவடி வழியாகப் போகும்போது பார்த்தேன். பன்னிரண்டரை மணிக்கு மெஸ் வாசலில் ஒரு லாரிகூட நிற்கவில்லை.

நான்காம் நாள் சாப்பிடப் போனேன். போக வேண்டும் என்று தோன்றியது. ஒருவேளை நான் சாப்பிடுவதை நாலு பேர் பார்த்தால் நல்லது என்றும் நினைத்திருக்கலாம். உள்ளே ஐந்து மேசை, ஆள் நான் மட்டும். ஜீனத் தானே இலையைப் போட்டார், தண்ணீர் தெளித்தார், பிரியாணி வைத்தார். எப்போதும் கேட்பது போலக் கறி போதுமா என்று கேட்டார்.

அந்த நான்கு நாள் என்ன நடந்தது என்று காதர் பாய்தான் சொன்னார், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து நின்றுகொண்டு. வழக்கமாக வரும் லாரிக்காரர்கள் மெஸ்ஸைத் தாண்டும்போது வேகம் குறைப்பதில்லை. செய்தியின் துண்டைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், பொள்ளாச்சி சந்தைவரை போய்விட்டது. இரண்டாம் நாள் ஜீனத் கறிக்கடைக்காரரிடம் சொல்லி, உரித்த ஆட்டை வாலோடு கொண்டுவந்து எல்லோரும் பார்க்க மெஸ் வாசலில் தொங்கவிட்டு, அங்கேயே வெட்டச் செய்திருக்கிறார். ஆட்டுக்கறி என்பதற்கு நம் ஊர்க் கறிக்கடைகளில் வால்தான் சாட்சி. வண்டியை நிறுத்தாமலே ஒரு ஓட்டுநர் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்:

“கங்காருக்கும் வாலு உண்டுங்கக்கா.”

இதைச் சொல்லும்போது காதர் பாய் சிரித்தார். ஜீனத்தும் சிரித்தார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயர் போடாமல்தான் எழுதினேன் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஜீனத் என் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். அதுவரை அவர் என் எதிரே உட்கார்ந்ததில்லை.

“பேரப் போட்டிருந்தாத் தேவலைங் சார். இன்னார்னு இருந்தா, அது பொய்யுங்கன்னு நாஞ் சொல்லலாம். பேரே இல்லாத சேதிக்கு நான் எங்க போயிப் பதில் சொல்லட்டும்? நானா வாயத் தொறந்தா, அப்ப நீதானான்னு கேக்கறாங்க.”

முப்பத்தோரு வருடம் செய்தி எழுதியிருக்கிறேன். பெயரைத் தவிர்ப்பது ஒருவரைக் காப்பாற்றும் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பெரிய நகரத்தில் அது சரியாக இருக்கலாம். உணவகத்தோடு தொடர்புடைய தீவன வியாபாரி கோவிந்தாபுரத்தில் ஒருவர்தான். ஊருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. மறுக்கும் உரிமை மட்டும் அவர்களிடமிருந்து போய்விட்டது.

அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போய்த் திருத்தம் எழுதினேன். இந்த முறை ‘கூறப்படுகிறது’ இல்லை. டின்கள் நாய்களுக்கானவை, முறையான பில்லோடு வந்தவை, அன்றே விடுவிக்கப்பட்டன, எந்த உணவகத்துக்கும் இதில் தொடர்பில்லை, ஜீனத் மெஸ் உரிமையாளருக்கு ஏற்பட்ட பாதிப்புக்கு வருந்துகிறோம். பெயரோடு போடலாமா என்று ஜீனத்திடம் கேட்டே எழுதினேன். டெஸ்க் மறுத்தது. பெயரே போடாத செய்திக்குப் பெயரோடு திருத்தமா என்றார்கள். இந்த முறை நான் ‘சரி’ சொல்லவில்லை. ஆசிரியரிடம் பேசினேன், இரண்டு நாள் பேசினேன். கடைசியில் ஒப்புக்கொண்டார். ஏழாம் நாள் காலை, ஆறாம் பக்கத்தில், கட்டம் கட்டி, ஒன்பது வரி வந்தது. ஒரு சொல்லும் வெட்டப்படவில்லை.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனேன். சந்தோஷமாகத்தான் போனேன், அதையும் சொல்ல வேண்டும். ஜீனத் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நின்றபடியே படித்தார். தன் பெயர் இருந்த வரியை இரண்டாம் முறை படித்தார். காதர் பாய் எட்டிப் பார்த்து, தங்கச்சி பேரு பேப்பர்ல வந்துருச்சு, இனி கையில பிடிக்க முடியாது என்றார்.

ஜீனத் பத்திரிகையை மடித்துக்கொண்டே கேட்டார்:

“அந்தப் பக்கமும் வந்துருக்குதுங்களா சார்? நமக்கு ஆளுங்க அங்கிருந்துதானுங்க வரோணும்.”

“வந்திருக்கும்ங்க” என்றேன்.

நான் பொள்ளாச்சி பதிப்பைப் பார்த்திருக்கவில்லை. சாவடியைத் தாண்டி ஐந்து நிமிடம் போனால் கிடைக்கும். முதல் செய்தி இரண்டிலும் வந்தது, ஆகையால் இதுவும் வந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு வாரத்தில் அவரிடம் நான் உறுதியாகச் சொன்ன ஒரே வார்த்தை அது. விசாரித்துப் பார்க்காமல் சொன்ன வார்த்தையும் அதுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அதுவரை சின்ன அண்டாவில் செய்துகொண்டிருந்த ஜீனத் அன்று பெரிய அண்டாவை ஏற்றினார். பேப்பரில் வந்துவிட்டதே, ஆள் திரும்பும் என்று நம்பினார். காதர் பாய் தன் கடையைப் பூட்டிவிட்டு வந்து வெங்காயம் நறுக்கிக் கொடுத்தார். பன்னிரண்டு மணிக்கு இறக்கினார்கள். உள்ளூரில் இருந்து கொஞ்சம் பேர் வந்தார்கள், பாலக்காடு பதிப்பைப் படித்தவர்கள். பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து இருவர், பள்ளிவாசலில் தொழுகை முடித்துவந்த சிலர், கொல்லங்கோட்டிலிருந்து பேருந்து பிடித்து வந்த டீச்சர். அவர் வாசலில் நின்று ஒரு எலுமிச்சைச் சாறு மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார் என்று காதர் பாய் சொன்னார். கிழக்கேயிருந்து ஒருவரும் வரவில்லை. லாரிகள் வந்தன, சாவடியில் நின்றன, போயின. மூன்று மணிக்கு முக்கால் அண்டா மிச்சம். மீதியை அனாதை இல்லம் ஒன்றுக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

சனிக்கிழமையும் செய்தார். ஞாயிற்றுக்கிழமையும் செய்தார். அதற்கடுத்த புதன்கிழமை மெஸ்ஸின் பெயர்ப்பலகை இறங்கியது. அவர் இப்போது உடுமலையில் மகள் வீட்டில் இருக்கிறார். காதர் பாய் தீவனக் கடையை நடத்துகிறார். வெளிநாட்டு டின் எதையும் வாங்குவதில்லை. டீச்சரின் நாய்க்கு எதனால் அரிப்பு என்று கடைசிவரை தெரியவில்லை. காதில் மருந்தும், சொறியாமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்புமாக அது இரண்டு வருடம் இருந்தது.

உங்களுக்கு என்ன சொல்வது? காத்திருங்கள் என்று சொல்லலாம். டின்னின் பின்பக்கத்தைப் படியுங்கள் என்று சொல்லலாம். இதையெல்லாம் எனக்கும் சொன்னார்கள், நானும் ஆனைக்கரையில் அதைச் செய்தேன். ஒரு முறை சரியாகச் செய்தவன் மறுமுறையும் சரியாகச் செய்வான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதை மட்டும் என் வேலைக்காலத்திலிருந்து எடுத்துச் சொல்ல முடியும். நாம் நம்மைப் பற்றி வைத்திருக்கும் நல்ல கதைகள் நமக்குக் காவல் நிற்பதில்லை. ‘கூறப்படுகிறது’ என்று எழுதக் கை போகும்போது, யாரால் என்று ஒரு முறை வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள். என் பெட்டிச் செய்தியில் அதற்கு நேர்மையான பதில் ‘என்னால்’ என்பதுதான்.

மெஸ் மூடியதற்கு மறுநாள் சாவடியைத் தாண்டி அம்பராம்பாளையம் போனேன். அங்கே நம் பத்திரிகையின் முகவர் பழைய கட்டுகளை எடைக்குப் போடாமல் வைத்திருப்பார். ஏழாம் நாள் இதழைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்துவிட்டு, என்ன சார், உங்க சேதி எதுவும் இதுல இல்லீங்களே என்றார். ஆறாம் பக்கத்தைப் பிரித்தேன். அந்த இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் இருந்தது.

வீட்டுக்கு வந்து, டெஸ்க்கைக் கேட்பதற்கு முன்னால், நான் அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்தேன். அதன் தலைப்பு வரி: ‘திருத்தம் – கோவிந்தாபுரம்’.